பிரேமலாவின் பத்து வரிகள்

“எந்தப் பேச்சு வந்தா உங்களுக்குத் தட்டுல சோறு ஆறிப் போறதே தெரியாது?”

எதிரில் இருப்பவர் யாராக இருந்தாலும் பிரேமலாவின் முதல் கேள்வி இதுதான். இன்று மதியம் மாட்டிக்கொண்டவர், ஐஸ் வாங்க வந்த ஒரு மீன் வியாபாரி. அவர் யோசித்து, கொஞ்சம் வெட்கப்பட்டு, “பழைய மோட்டார் சைக்கிளு” என்கிறார். அவள் அதைக் கணினியில் தட்டிக்கொண்டு அடுத்ததைக் கேட்கிறாள். “படிக்க உக்காந்தா எத்தனாவது வரில கண்ணு சொக்குது?”

“மூணாவது.”

“பரவால்லலா. மூணு வரி இருக்கே.”

பாசிர் பெனம்பாங்கில் ஆற்றை ஒட்டி நிற்கும் ஐஸ் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் கிராணி அவள். நாற்பத்து நான்கு வயது. அலுவலகத்துக்கும் ஐஸ் அறைக்கும் நடுவே இருப்பது ஒரு பலகைச் சுவர்; அதனால் வெளியே வெயில் கொளுத்தும்போதும் பச்சை ஸ்வெட்டரோடுதான் உட்கார்ந்திருப்பாள். வெளியே வந்தால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். ஆறு, படகுகள், எதிர்க்கரைக் குன்று எல்லாம் ஒரு கணம் வெள்ளையாகக் கரைந்துபோகும். அவள் துடைக்கமாட்டாள். அப்படியே நின்று, படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். “அவசரம் என்னலா, அதுவா வரும்” என்பாள்.

சாப்பாட்டு வேளையில் அவளுக்கு இன்னொரு வேலை. வாசிக்கத் தடுமாறும் பெரியவர்களுக்குப் புத்தகம் தேடித் தருவாள். யாரும் செய்யச் சொன்னதில்லை. திரையில் எப்போதும் மூன்று பக்கங்கள் திறந்திருக்கும். ஒன்று இணைய நூலகம். இன்னொன்றில் ஏதாவது புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் போட்டால், சொல்லையும் வாக்கியத்தையும் அளந்து, எந்த வகுப்புப் பிள்ளைக்கு ஏற்றது என்று சொல்லிவிடும். மூன்றாவது, அவளிடம் வந்தவர்களின் பட்டியல்: பெயர், எவ்வளவு படிக்க வருகிறது, எதில் சோற்றை மறப்பார். மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தபடி, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் படிப்பாள். நூற்றுக்கணக்கான புத்தகங்களின் முதல் பக்கம் அவளுக்கு அத்துப்படி. முழுதாகப் படித்து முடித்தவை எத்தனை என்று கேட்டால் சிரித்து மழுப்புவாள்.

பட்டியலில் ஒரு பெயர் சிவப்பு நிறத்தில் இருக்கிறது. புஷ்பா. மீன் உருண்டை செய்யும் இடத்தில் வேலை, வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர். அவளுடைய வாசிப்புக்கு இரண்டாம் ஆண்டுப் புத்தகம்தான் சரி என்றது அளக்கும் தளம். பிரேமலாவும் அதை நம்பி, தொப்பி போட்ட முயல் கதை ஒன்றைக் கொடுத்தாள். மறுநாள் புஷ்பா அதை மேசையில் வைத்தாள். “என்னைப் பாத்தா பாப்பா மாதிரி இருக்கா?” குரலை உயர்த்தவில்லை. அதன்பிறகு பிரேமலாவின் அழைப்பை அவள் எடுக்கவே இல்லை. “ஆசையா வந்தவங்க. நான்தான் மானத்த வாங்கி அனுப்பிட்டேன்” என்று சொல்லும்போது பிரேமலா ஸ்வெட்டர் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொள்வாள்.

சசிகுமார் வந்தது அதற்கப்புறம். பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன், முப்பத்தாறு வயது. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடமும் கடைசி பெஞ்சு. “எழுத்து நிக்க மாட்டேங்குதுக்கா. தண்ணில விழுந்த எலை மாதிரி நவுந்து நவுந்து போவுது. இதுதான் கடைசி. இதுவும் முடியலன்னா விட்டுர்றேன்லா.” சோற்றுக் கேள்விக்கு மட்டும் அவன் தயங்கவில்லை. “கெலுலுட்” என்றான். வீட்டுக்குப் பின்னால் ஆறு மரக்கட்டைகளில் அந்தக் குட்டித் தேனீக்களை வளர்க்கிறான். அவை போவதையும் வருவதையும் பார்த்தபடியே அவனுடைய ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்துவிடுமாம்.

பிரேமலா மூன்று வாரம் தேடினாள். தேனீ வளர்ப்பைப் பற்றி ஒரு விவசாயி எழுதிய நாற்பது பக்கப் புத்தகம் இணைய நூலகத்தில் அகப்பட்டது. அளந்து பார்த்தாள். ஆறாம் ஆண்டு என்று வந்தது; சசிகுமாருக்கு எட்டாத உயரம். மூடிவிடப் போனவள், பக்கத்தை இன்னொரு முறை படித்தாள். தளத்தை மிரட்டிய நீளச் சொற்கள் எவை? ராணித்தேனீ. தேன்மெழுகு. வேலைக்காரத்தேனீ. எல்லாம் சசிகுமார் அன்றாடம் பேசும் சொற்கள். “உனக்கு எழுத்த எண்ணத் தெரியும். தம்பிக்கு என்ன தெரியும்னு உனக்கு எப்படிலா தெரியும்?” என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். எழுத்தைப் பெரிதாக்கி, வரிக்கு ஒரு வாக்கியமாக உடைத்து, ஒரு நாளைக்குப் பத்து வரி என்று அவன் கைப்பேசிக்கு அனுப்பத் தொடங்கினாள்.

பதில் இல்லை. பார்த்துவிட்டான் என்பதற்கு நீலக் குறிகள் மட்டும் வந்தன. ஒரு நாள், நான்கு நாள், ஒன்பது நாள். மன்னிப்புக் கேட்டு நீளமாக ஒரு செய்தி எழுதினாள்; அழித்தாள். இன்னொரு மனிதரையும் விரட்டிவிட்டோம் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. ஆனாலும் பத்து வரி அனுப்புவதை நிறுத்தவில்லை. சாப்பாட்டு வேளையில் ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஏறிய தண்ணீர் கண்டல் மர வேர்களை மூடியது, பிறகு மெல்ல விட்டுவிட்டு இறங்கியது.

பத்தாம் நாள் ஒரு குரல் பதிவு வந்தது. ஏழு நிமிடம். முதலில் மெல்லிய ரீங்காரம் மட்டும். பிறகு சசிகுமார்.

“ரா... ணித்... ராணித்தேனீ. கூட்... டை... கூட்டை விட்டு...” ஒரு வரியைக் கடக்க ஒரு நிமிடம் ஆனது. நடுவில் பெருமூச்சு, எச்சில் விழுங்கும் ஓசை. “கை... வைத்தால்... கொட்... டும்.”

குரல் நின்றது.

“கொட்டுமா? தப்புக்கா இது. நம்ம கெலுலுட் கொட்டாதுலா. இந்தாளு வேற தேனீயப் பத்தி எழுதியிருக்கான். சரி இருங்க, அடுத்த வரில என்னதான் சொல்றான்னு பாப்போம்.”

மறுபடி எழுத்துக் கூட்டத் தொடங்கினான். அந்த நேரம் பார்த்து ஐஸ் உடைக்கும் இயந்திரம் கடகடவென்று ஓடத் தொடங்கியது. பிரேமலா கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு எழுந்தாள். பலகைக் கதவைத் தள்ளித் திறந்து, இயந்திரத்தை ஓட்டும் தனபாலனைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். பன்னிரண்டு வருட வேலையில் அவள் யாரையும் எதையும் நிறுத்தச் சொன்னதில்லை. தனபாலன் பதறி விசையை அணைத்தார்.

“என்னம்மா, என்னாச்சு?”

வெளியே கூடைகளோடு நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். சசிகுமார் ஒரு நீளமான சொல்லின் பாதியில் இருந்தான். பிரேமலா உயர்த்திய கையை இறக்கவில்லை.