அப்பா பஸ்ஸில் போன் பேசினால்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் போனுக்கு சிக்னல் கிடைக்காது. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பாறையில் ஏறி நின்றால் ஒரு கோடு தெரியும். மேகம் இறங்கினால் அதுவும் போய்விடும். கொழும்பு புறக்கோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை பார்த்த அண்ணன் அப்பாவுக்கென்று அனுப்பிய போன், மாதத்தில் முக்கால்வாசி நாள் அலுமாரிக்குள்தான் கிடந்தது.

சீனி வியாதிக்கு மருந்து எடுக்க அப்பா மாதத்தில் இரண்டு நாள் கண்டி ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போவார். அந்த இரண்டு நாளும் போன் அவருடைய சட்டைப்பையில் இருக்கும். தெல்தோட்டையிலிருந்து வரும் காலை பஸ், கலஹாவைத் தாண்டி ஒரு வளைவில் திரும்பியதும் சிக்னல் முழுதாக வந்துவிடும். அண்ணனுக்கு அந்த நேரம் அத்துப்படி. கடை திறப்பதற்கு முன் போன் பண்ணுவான். பஸ் வளைவைத் திரும்பி முடிப்பதற்குள் மணி அடிக்கும்.

அதே பஸ்ஸில்தான் நான் தினமும் வேலைக்குப் போனேன். கண்டியில் ஒரு புடவைக்கடையில் சேல்ஸ் வேலை. யுத்தம் முடிவதற்கு இரண்டு மூன்று வருடங்கள் முந்திய, பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம். பஸ்ஸில் ஏறியதும் சீட்டுக்கு அடியில் பொதி ஏதும் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு உட்காருவது எல்லோருக்கும் பழகிப் போயிருந்தது. அடையாள அட்டையைப் பர்ஸுக்குள் வைக்காமல் கையிலேயே வைத்திருப்பேன்.

அப்பா முப்பது வருடங்களுக்கு மேல் இஸ்டோரில் வேலை செய்தவர். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கொழுந்து அரைக்கிற ரோலர்களின் பக்கத்திலேயே நின்று நின்று அவருடைய காது பாதி போய்விட்டது. தனக்குக் கேட்காதது மற்றவர்களுக்கும் கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ, போனை எடுத்தால் கத்துவார். "ஹலோ" என்று அவர் சொல்லும்போது முன் சீட்டில் தூங்குகிறவர் நிமிர்ந்து உட்காருவார். அப்பாவுக்குக் கேட்க வேண்டுமே என்று அண்ணனும் அந்தப் பக்கம் கத்துவான். ஆகவே இரண்டு பேர் பேசுவதும் பஸ் முழுவதற்கும் கேட்கும். அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது, தங்கியிருந்த அறையை மாற்றியது, பார்த்த பெண் வீட்டார் பிறகு பின்வாங்கியது, ஒன்றும் மறைவாக இல்லை.

எனக்கு உடம்பு கூசும். சத்தமாகப் பேசுகிறவர்கள் அந்த பஸ்ஸில் வேறு ஆட்களும் இருந்தார்கள். மரக்கறி வியாபாரி ஒருவர் கண்டி மார்க்கெட்டுக்கு போனில் வழி நெடுகச் சிங்களத்தில் உத்தரவு போட்டுக்கொண்டே வருவார். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அப்பா பேசினால் மட்டும் எல்லாத் தலைகளும் திரும்புவதாக எனக்குத் தோன்றும். உண்மையிலேயே திரும்பினார்களா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நான் பயந்துகொண்டிருந்தேன், அது நிச்சயம்.

என்னிடமும் ஒரு சின்ன போன் இருந்தது. பஸ்ஸில் அது அடித்தால் கையால் வாயை மூடிக்கொண்டு "ம்", "ம்" என்பேன். கட்டாயம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் சிங்களத்தில் சொல்வேன். ஒரு முறை அம்மா பாறையில் ஏறி நின்று, வரும்போது தேங்காய் வாங்கி வா என்று சொன்னதற்கும் சிங்களத்தில்தான் பதில் சொன்னேன். அம்மா பயந்துபோய், தப்பான நம்பருக்குப் போய்விட்டது என்று வைத்துவிட்டாள். அன்றைக்குத் தேங்காய் இல்லாமல்தான் சமையல்.

அந்த வருடம் தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கிளினிக் நாள் வந்தது. அண்ணன் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கொழும்பில் தமிழர்களுக்கு அறை மாறினால் பொலிஸ் பதிவு, ஊருக்குக் கிளம்பினால் வழியெல்லாம் கேள்வி. இந்த முறை எப்படியும் வருகிறேன் என்று சொல்லியிருந்தான். அப்பா அன்றைக்குச் சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினார். எனக்கு இடம் இல்லை. அவர் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

வளைவு வந்தது. மணி அடித்தது.

அப்பா வழக்கம்போல ஆரம்பித்தார். எந்த பஸ், எத்தனை நாள் லீவு என்றெல்லாம் கேட்டுவிட்டு, தீபாவளிச் சாமான்களுக்கு வந்தார்.

"வெடியா? வெடி ஒண்ணும் நீ கொண்டாந்துடாத! வழியில ஆமி புடிச்சிரும்! கண்டியில வெடி இருக்கு! நான் பாத்துக்கிறேன்!"

தமிழில் இதில் ஒன்றுமில்லை. பட்டாசைத்தான் எங்கள் பக்கம் வெடி என்போம். ஆனால் சிங்களத்தில் வெடி என்றால் துப்பாக்கிச் சூடு. ஆமி என்றால் இரண்டு பாஷையிலும் இராணுவம்தான். தமிழ் தெரியாத காதுக்கு அன்று என்ன விழுந்திருக்கும் என்று எனக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. வெடி, வெடி, ஆமி, கண்டி, வெடி.

பஸ்ஸில் பேச்சு நின்றது. இது என் கற்பனை இல்லை. மரக்கறி வியாபாரிகூட வாயை மூடிக்கொண்டார். நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"என்ன புள்ள, சும்மா இழுக்குற? அண்ணன் பேசுறான்ல" என்று அவர் அதையும் கத்தித்தான் சொன்னார். பிறகு போனில், "ரெண்டு பெட்டி போதும்ல? காலையில அஞ்சு மணிக்கே போட்டுரணும்!" என்றார்.

எங்களுக்கு இரண்டு சீட் முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து போய் கண்டக்டரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். கண்டக்டர் திரும்பி அப்பாவைப் பார்த்தார். பத்து வருடமாக அப்பாவைத் தெரிந்தவர். ஆனாலும் பார்த்தார்.

பேராதனைப் பாலத்துக்கு முன்னால் சோதனைச் சாவடி இருந்தது. எல்லோரும் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து அந்தப் பக்கம் போய் மறுபடி ஏற வேண்டும். முன்னால் இறங்கிய அந்த மனிதர் சிப்பாயிடம் போய்ச் சொல்வதை வரிசையில் நின்றபடி பார்த்தேன். சிப்பாய்க்கு என் வயதுதான் இருக்கும். அப்பாவை மட்டும் ஒதுங்கி நிற்கச் சொன்னான். அப்பாவுக்குக் கேட்கவில்லை. "ஆ?" என்றார். இன்னொரு முறை சொன்னான். "ஆ?" என்றார்.

நான் வரிசையை விட்டு ஓடினேன். நாள் முழுக்கச் சிங்களத்தில் சேலை விற்கிறவள் நான். காஞ்சிபுரத்துக்கும் மைசூர் பட்டுக்கும் வித்தியாசம் சொல்லி ஒரு கல்யாண வீட்டையே மடக்கிவிடுவேன். அன்றைக்குப் பார்த்து, பட்டாசுக்குச் சிங்களத்தில் என்ன என்பது சுத்தமாக மறந்துவிட்டது. நெருப்பு வைப்பது, சத்தம் போடுவது, பண்டிகைக்கு, என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அது இன்னும் மோசமாகிக்கொண்டு வந்தது.

அப்போது ஒரு டீச்சர் குடையை மடக்கியபடி வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். தெல்தோட்டை பஜாரில் ஏறுகிற சிங்கள டீச்சர். தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்து பிள்ளைகளின் பாடக் கொப்பி திருத்திக்கொண்டு வருவார். நாங்கள் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ரதிஞ்ஞா" என்றார் சிப்பாயிடம். அதுதான் எனக்கு மறந்துபோன சொல். பட்டாசு.

பிறகு சொல்லிக்கொண்டே போனார். இந்த மனிதருடைய மகன் கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறான். இரண்டு வருடமாக ஊருக்கு வரவில்லை. வெசாக் பண்டிகை நேரம் காய்ச்சலில் படுத்தான். போன மாதம் ஒரு கல்யாணப் பேச்சு வந்து கலைந்துவிட்டது. இப்போது தீபாவளிக்கு வருகிறான். பட்டாசு கொண்டுவந்தால் வழியில் பிரச்சினை என்று தகப்பன் வேண்டாம் என்கிறார். இதுதான் விஷயம். இதெல்லாம் இவர் பஸ்ஸில் சொல்லித்தான் எனக்குத் தெரியும் என்றார்.

ஆமாம், ஆமாம் என்று நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன்.

சிப்பாய் கொஞ்சம் யோசித்தான். பிறகு மகனுடைய நம்பரை எடுக்கும்படி சைகை காட்டினான். அப்பா எடுத்துக் கொடுத்தார். அவன் போனைக் காதில் வைத்தான். உடனே தள்ளிப் பிடித்தான். "அப்பா! சொல்லுங்க அப்பா!" என்று அண்ணன் போட்ட சத்தம் வரிசையில் நின்றவர்கள் வரைக்கும் கேட்டது. யாரோ சிரித்தார்கள். சிப்பாய் சிங்களத்தில் பேச ஆரம்பித்ததும் அந்தப் பக்கம் சத்தம் நின்றுவிட்டது. அந்த ஒரு நிமிஷம் அண்ணன் என்ன நினைத்திருப்பான் என்று இப்போதும் எண்ணிப் பார்ப்பேன். அவன் முதலில் கேட்டது, அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்றுதான். ஒன்றுமில்லை, நல்லாக நிற்கிறார், நீ எங்கே வேலை செய்கிறாய் என்று சிப்பாய் கேட்டான். பதில் டீச்சர் சொன்னதோடு பொருந்தியிருக்க வேண்டும். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அப்பாவைக் கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொல்லு என்றான் என்னிடம். நான் அதை அப்பாவிடம் சொன்னேன்.

"மெதுவாத்தானே பேசுனேன்" என்றார் அப்பா.

பஸ்ஸில் மறுபடி ஏறியபோது டீச்சர் தன் பக்கத்து சீட்டைக் காட்டினார். உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டு, தமிழில் பேசினார். தெல்தோட்டை பஜாரில் அவருடைய அப்பா கடை வைத்திருந்தாராம். தோட்டத்து ஆட்களோடு பழகி, சின்ன வயதிலேயே பேச்சு வந்துவிட்டதாம். பேச்சு அப்படியே எங்கள் லயத்துப் பேச்சுதான்.

"ஒங்க வீட்டுல எல்லாரையும் எனக்குத் தெரியும். ஒன்னயப் பத்தித்தான் ஒண்ணும் தெரியல. எப்பவும் வாய மூடிக்கிட்டுப் பேசுவ. யார்கிட்ட அப்பிடி ரகசியம் பேசுறன்னு யோசிப்பேன்" என்றார்.

அம்மாவிடம் என்றேன். தேங்காய்க் கதையைச் சொன்னேன். டீச்சர் சிரித்த சிரிப்பில் மடியில் இருந்த கொப்பிகள் சரிந்தன. அந்தச் சிப்பாய், எங்களைப் பற்றிச் சொன்ன மனிதர், நாம் எல்லோருமே பயந்துகொண்டுதான் இருக்கிறோம் என்றும் சொன்னார். அந்த மனிதர் எங்களுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். கண்டி குட்ஷெட் பஸ் நிலையம் வரும்வரை திரும்பவே இல்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. சில நாள் கழித்து அது தணிந்தது. புரியாத பாஷையில் அந்தச் சொற்களை, அந்த மாதங்களில், நான் கேட்டிருந்தால் நானும் கண்டக்டரிடம் போயிருப்பேன்.

அப்பா அன்றைக்கு மருந்தை எடுத்துக்கொண்டு, நேராக மார்க்கெட்டுக்குப் போய் இரண்டு பெட்டி வெடியும் வாங்கினார். திரும்பி வரும்போது பெட்டியை மடியில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு வந்தாராம்.

அண்ணன் வந்தான். மெலிந்திருந்தான். முதல் நாள் முழுக்கத் தூங்கினான். வீட்டுக்குள்ளேயும் அவனும் அப்பாவும் கத்தித்தான் பேசிக்கொண்டார்கள். தீபாவளி காலையில் நல்ல மழை. பாதி வெடி புஸ்ஸென்று போய்விட்டது. அப்பாவுக்கு வெடித்தது எது, வெடிக்காதது எது என்று சரியாகத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் கை தட்டினார்.

அதற்குப் பிறகு நான் கல்யாணமாகிக் கண்டிக்கு வரும்வரை டீச்சர் பக்கத்தில்தான் உட்கார்ந்து போனேன். அம்மா போன் பண்ணினால் தமிழில் பதில் சொன்னேன். முதலில் இரண்டு வார்த்தை, பிறகு முழுதாக. கிளினிக் நாட்களில் கலஹா தாண்டியதும் கண்டக்டர் டிரைவரைப் பார்த்துக் கையைக் காட்டுவார். டிரைவர் ரேடியோவைக் குறைப்பார். அப்பா "ஹலோ" என்பார். மரக்கறி வியாபாரி திரும்பி, அண்ணனுக்குப் பெண் கிடைத்ததா என்று சிங்களத்தில் என்னிடம் கேட்பார். இன்னும் இல்லை என்பேன்.