பத்து லிட்டர் தூரம்

மலேசியாவில், இந்த ஈப்போவில், பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினால் யாரும் நம்மிடம் வர மாட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவரிடம் முதலில் பணத்தைக் கட்டிவிட்டு, நாமே வந்து குழாயை எடுத்து நாமே நிரப்பிக்கொள்ள வேண்டும். வந்த புதிதில் இது எனக்குத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த பட்டறையின் மோட்டார் சைக்கிளோடு போய் ஆள் வரும் என்று காத்து நின்றேன். பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. யாரிடமாவது கேட்கலாம், ஆனால் கேட்பதற்கு எனக்குக் கூச்சம். கடைசியில் தலையில் துணி சுற்றிய ஒரு மலாய்க்கார அம்மா வந்து மலாயில் ஏதோ சொல்லிக் கையை நீட்டினார். நோட்டைக் கொடுத்தேன். உள்ளே போய்ப் பணத்தைக் கட்டிவிட்டு வந்து குழாயை எடுத்து என் கையில் கொடுத்தார். பட்டறைக்குத் திரும்பி, பங்கில் வேலை செய்கிற அம்மா குழாயைக் கையில் கொடுத்துவிட்டுப் பாதியிலேயே போய்விட்டார் என்று குறையாகச் சொன்னேன். முதலாளி சிரித்த சிரிப்பில் அவர் கையிலிருந்த தேநீர் சிந்திவிட்டது. எனக்குப் பின்னால் காரில் காத்திருந்து பொறுமை இழந்த அம்மா அவர். இருபது வருடம் ஆகிவிட்டது. இப்போதும் அந்தக் குழாயைக் கையில் எடுக்கும்போது, வேறு யாரோ செய்ய வேண்டியதை நான் செய்வதுபோலத்தான் இருக்கிறது.

எங்கள் பக்கத்துப் பழைய மோட்டார் சைக்கிள்களில் டேங்குக்குக் கீழே ஒரு சின்னக் குழாய் இருக்கும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி திணறி நின்றால், குனிந்து அந்தக் குழாயைத் திருப்ப வேண்டும். அடியில் ஒதுக்கி வைத்திருக்கும் கொஞ்சம் பெட்ரோல் இறங்கும். அதற்கு ரிசர்வ் என்று பெயர். அறந்தாங்கிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் என் அண்ணன் செல்வராசு அப்படி ஒரு வண்டி வைத்திருந்தார். அப்பா, அம்மா போன பிறகு என்னை வளர்த்தவர் அவர். ஐந்தாம் வகுப்போடு நான் நின்றுவிட்டபோது திட்டாமல் தன்னோடு வெல்டிங் கடைக்குக் கூட்டிப்போனவரும் அவர்தான். அவருக்கு ஒரு சட்டம் உண்டு. "ரிசர்வுக்கு வந்துட்டா வண்டி மூஞ்சி வீட்டப் பாத்துதான்டா திரும்பணும்" என்பார். என்ன அவசர வேலையாக இருந்தாலும் ரிசர்வில் ஒரு அடிகூட முன்னால் போக மாட்டார்.

நான் மலேசியாவுக்குக் கிளம்பிய அன்று அவர்தான் என்னைப் புதுக்கோட்டை பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விட்டார். பாதி வழியில் வண்டி திணறியது. அண்ணன் குனிந்து குழாயைத் திருப்பினார், புதுக்கோட்டைப் பக்கமே ஓட்டினார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குப் பஸ்ஸைப் பற்றித்தான் நினைப்பு. கையில் இருந்ததையெல்லாம் என் சட்டைப் பையில் வைத்து அனுப்பிவிட்டு, திரும்பும்போது பெட்ரோல் தீர்ந்து, உச்சி வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டே அவர் வீடு போய்ச் சேர்ந்தார் என்பது பல வருடம் கழித்து அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இங்கே நான் வேலை செய்யும் பட்டறை மெங்லெம்பு பக்கம், சுண்ணாம்பு மலைக்கு அடியில் இருக்கிறது. காட்டுக்குள் போகிறவர்களின் ஜீப்புகளுக்கு இரும்பு பம்பர், மேல் கேரியர், கூடுதல் பெட்ரோல் தொட்டி எல்லாம் செய்து பொருத்துவோம். முதலாளி சீனர். தவுக்கே என்று கூப்பிடுவோம். அவருடைய அப்பா ரப்பர்த் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். அதனால் தவுக்கேக்குத் தமிழ் வரும், மரியாதைதான் வராது. எல்லோரும் அவருக்கு நீதான், எல்லோரும் மச்சான்தான்.

போன வருடம் மாணிக்கம் அண்ணன் வந்தார். வயது அறுபது இருக்கும். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே மரத்தில் பால் வெட்டியவர். தோட்டத்தை விற்று வீடுகள் கட்டிய பிறகு அந்த வீடுகளுக்கே காவலுக்கு நிற்கிறார். அவருடைய தாத்தா எங்கள் பக்கத்திலிருந்து வந்தவராம். அந்த உறவில் என்னை ஊர்க்காரத் தம்பி என்பார். ஆனால் எங்கள் ஊரில் மழை பெய்யுமா என்றும் என்னிடம்தான் கேட்பார். அவர் கொண்டு வந்தது ஒரு சின்ன ஜீப். இரண்டு கதவு, நாலு சக்கரமும் இழுக்கும், நாற்பது லிட்டர்தான் பிடிக்கும். அதில் இன்னும் முப்பத்தைந்து லிட்டர் பிடிக்கும்படி ஒரு தொட்டி பொருத்த வேண்டும் என்றார். இவ்வளவு சின்ன வண்டிக்கு அவ்வளவு பெட்ரோல் எதற்கு என்று தவுக்கே கேட்டார். மாணிக்கம் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஜீப் அவருடைய தம்பி சேகருடையது. சேகர் மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். விடுமுறையில் கெரிக்குக்கு அப்பால் லாரிகள் போன பழைய காட்டுப் பாதைகளில் தனியாகப் போய் ஆற்றில் மீன் பிடிப்பார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாப்பாவில் ஒரு கல்யாணத்துக்குப் போக மாணிக்கம் அண்ணன் ஜீப்பைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். சேகர் மோட்டார் சைக்கிளில் காட்டுக்குப் போனார். திரும்பி வரவில்லை. பாதை ஓரத்தில் மரத்தடியில் வண்டி நின்றது, கைப்பிடியில் ஹெல்மெட் மாட்டியிருந்தது. போலீசும் தீயணைப்புக்காரர்களும் பத்து நாள் தேடிவிட்டு நிறுத்திவிட்டார்கள். மாணிக்கம் அண்ணன் நிறுத்தவில்லை. மாதம் இரண்டு தடவை போகிறார். சேற்றில், சின்ன கியரில் ஏறி இறங்கும்போது ஜீப் பெட்ரோலைக் குடித்துவிடும். கேனில் ஊற்றிக்கொண்டு போகலாம் என்றால் பங்கில் கேனில் தர மாட்டார்கள். "அன்னைக்கு ஜீப்பு அவன்கிட்ட இருந்திருந்தா ஆளுங்க வர்ற வரைக்கும் உள்ளுக்கு ஒக்காந்திருப்பான் லா" என்றார்.

பின் அச்சுக்குப் பின்னால் இருந்த இடத்தை அளந்து, ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியை வெட்டி மாதிரி செய்தேன். புகைக் குழாயைக் கொஞ்சம் நகர்த்தி வளைக்க வேண்டியிருந்தது. துருப்பிடிக்காத தகட்டில் தொட்டி, உள்ளே பெட்ரோல் அலைமோதாமலிருக்க இரண்டு தடுப்புத் தகடு, சுவிட்சை அழுத்தினால் பெரிய டேங்குக்கு ஏற்றிவிட ஒரு பம்பு. பம்புக்குப் போகும் குழாயைத் தொட்டியின் அடிவரை இறக்க வேண்டும். நான் இறக்கவில்லை. பத்து லிட்டர் அடியில் நிற்கும் உயரத்தில் நிறுத்திவிட்டேன். அந்தப் பத்து லிட்டரைப் பம்புக்கு விடத் தனியாக ஒரு பித்தளைக் குழாய், அதுவும் வண்டிக்கு அடியில். இறங்கி, சேற்றில் மல்லாந்து படுத்தால்தான் திறக்க முடியும்.

தவுக்கே வந்து பார்த்தார். "நீ கீலாவா மச்சான்? அவன் முப்பத்தஞ்சு கேக்குறான், நீ இருவத்தஞ்சு குடுக்குறே. மிச்சம் பத்து உள்ளுக்கே தூங்குதா?" என்றார். கீலா என்றால் பைத்தியம். நான் கணக்கில் தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து, ஒரு தாளை எடுத்து நீளம், அகலம், உயரம் எழுதி, சின்னப் பிள்ளைக்குச் சொல்லித் தருவதுபோலப் பெருக்கிக் காட்டினார். நான் தலையாட்டிக்கொண்டே நின்றேன். என் அண்ணனின் சட்டத்தை அவரிடம் எப்படிச் சொல்வது? ஆனாலும் மாற்றவில்லை.

மாணிக்கம் அண்ணனிடம் மட்டும் சொன்னேன். பெட்ரோல் முள் பாதிக்கு வந்ததும் திரும்பிவிட வேண்டும், வழி தப்பிப்போனால் மட்டும் குழாயைத் திறக்க வேண்டும் என்றேன். "இது தேடிப் போறதுக்கு இல்லண்ணே. திரும்பி வர்றதுக்கு." குழாயின் பிடியைச் செம்புக் கம்பியால் சுற்றி, என் கைவழக்கப்படி மூன்று முறுக்கு முறுக்கிக் கட்டினேன். அவிழ்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

இதை நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் செய்தேன் என்று சொல்ல வேண்டும். நாலு வருடத்துக்கு முன்னால் என் அண்ணன் நெஞ்சுவலியில் இறந்துபோனார். அப்போது என் பெர்மிட் புதுப்பிக்கப் போயிருந்தது, பாஸ்போர்ட் கையில் இல்லை. கேட்டு அலைந்திருந்தால் ஏதாவது வழி கிடைத்திருக்குமோ என்னவோ. நான் கேட்கவில்லை. ஒரு கவுண்டரில் போய் நின்று பேச எனக்கு வராது. அண்ணியும், வந்து என்ன ஆகப் போகிறது, வேலையைப் பார் என்றார். அந்தச் சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் தூக்கி வைத்துக்கொண்டு பட்டறை மூலையில் நின்று, அண்ணனை எடுத்துப்போவதைப் போனில் பார்த்தேன். யாரோ ஓடி ஓடிக் காட்டினார்கள். அண்ணன் முகம் ஒரு நிமிடம் தெரிந்தது, பிறகு படம் அப்படியே நின்றுவிட்டது. வாய்விட்டுக் கூப்பிட்டு அழ வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். தொண்டையோடு வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் ஊருக்குப் போகவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் இருந்த இடம்தான் எனக்கு வீடு.

மாணிக்கம் அண்ணன் ஒவ்வொரு தடவை காட்டுக்குப் போய்விட்டு வரும்போதும் பட்டறைக்கு வருவார். நான் வண்டிக்கு அடியில் போய்க் கம்பியைப் பார்ப்பேன். "கம்பி இருக்கா தம்பி?" என்பார். இருக்குண்ணே என்பேன். "அப்ப நான் நல்ல புள்ளதான்" என்பார். எட்டு மாதம் இப்படியே போனது. வண்டியின் அடியில் சேறு ஏறிக்கொண்டே போனது, கம்பி மட்டும் நான் கட்டிய மாதிரியே இருந்தது.

பிறகு ஒரு நாள் வந்தார். கம்பியைப் பற்றிக் கேட்கவில்லை. டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து, "டேங்கக் கழட்டிரு தம்பி" என்றார்.

ஏன் என்று கேட்டேன். "பாதி முள்ளுல நான் திரும்புற எடத்துல ஒரு மேடு இருக்கு. அதுக்கு அந்தாண்ட நான் போனதே இல்ல. இந்தாண்ட எல்லாம் பாத்தாச்சு. சேகரு அங்கதான் கெடக்குறான். பத்து லிட்டரு தூரத்துல. நீ கம்பியப் போட்டுக் கட்டி வச்சிட்டே. அந்த டேங்கு இருக்குற வரைக்கும் எனக்குத் தூக்கம் இல்ல."

அவர் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று செய்தது, அவரைத் தம்பியிடம் போக விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. திறந்திருக்கலாமே அண்ணே என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "தெறந்து போயி, அங்கயும் இல்லன்னா? அதுக்கப்புறம் நான் எங்க தம்பி போறது?"

எட்டு மாதமாக அவரைத் தடுத்தது என் கம்பி மட்டும் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. பாராத இடம் ஒன்று மிச்சம் இருக்கும்வரை சேகரும் இருப்பார். "கழட்ட வேணாம்ணே. நானும் வாரேன்" என்று என் வாயிலிருந்து வந்தது. யாரும் கூப்பிடாமல் நானாக ஒரு இடத்துக்கு வருகிறேன் என்று சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனோம். கெரிக்கில் இரண்டு தொட்டியையும் நானே நிரப்பினேன். தார் ரோடு முடிந்து செம்மண், செம்மண் முடிந்து சேறு. ஹெல்மெட் மாட்டியிருந்த வண்டி நின்ற மரத்தைக் காட்டினார், நிறுத்தவில்லை. முள் பாதிக்கு வந்தபோது அந்த மேடும் வந்தது. ஜீப்பை நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல், "நீ கட்டுனது. நீயே அவுத்துரு" என்றார். இறங்கிச் சேற்றில் மல்லாந்து படுத்தேன். மூன்று முறுக்கையும் பிரித்துக் குழாயைத் திருப்பினேன். எங்கள் அண்ணன் அன்றைக்குப் புதுக்கோட்டை ரோட்டில் குனிந்து திருப்பியதை நினைத்தேன். நின்று யோசிக்க அவருக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

உள்ளே போக ஐந்து லிட்டர், வெளியே வர ஐந்து லிட்டர் என்று கணக்கு. மேட்டைத் தாண்டிப் பாதை இறங்கிக்கொண்டே போனது. ஒவ்வொரு வளைவிலும் மாணிக்கம் அண்ணன் வண்டியை நிறுத்தி இரண்டு பக்கமும் பார்த்தார். புதர், விழுந்த மரம், யானைச் சாணி. கடைசியில் ஒரு ஆறு. மரக்கட்டைப் பாலம் எப்போதோ உடைந்து நடுவில் தொங்கியது. அந்தக் கரையில் பாதையே இல்லை, காடுதான். ஒரு செருப்பு இல்லை, ஒரு துணி இல்லை, ஒன்றுமே இல்லை.

அவர் இறங்கி ஆற்றோரம் போய் நின்று, கையை வாயருகே குவித்து, "சேகரு" என்று கூப்பிட்டார். மூன்று தடவை. ஆற்றுச் சத்தம்தான். திரும்பி என்னிடம், "நீயும் ஒரு தடவ கூப்புடு தம்பி. எஞ்சத்தம் எட்டல" என்றார்.

சேகர் என்னைவிட மூத்தவர். பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வரவில்லை. "அண்ணே" என்றேன். முதலில் குரல் எழும்பவில்லை. மறுபடி கத்தினேன். அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. பட்டறை மூலையில் தொண்டையோடு நின்றுபோனது அத்தனையும் அந்த ஆற்றங்கரையில் வெளியே வந்தது. நான் யாரைக் கூப்பிடுகிறேன் என்று மாணிக்கம் அண்ணனுக்குத் தெரிந்திருக்கும். என் முதுகில் காய்ந்துகொண்டிருந்த சேற்றைக் கையால் தட்டிவிட்டுக்கொண்டே நின்றார்.

"போலாம் தம்பி. வீட்டுக்குப் போலாம்" என்றார் பிறகு.

ஜீப்பைத் திருப்பினார். நான் செய்த தொட்டி எல்லாவற்றையும் பெரிய டேங்குக்கு ஏற்றிவிட்டுக் காலியாகிவிட்டது. ஆனால் எவ்வளவு சரியாகச் செய்த தொட்டியிலும், எந்தக் குழாய்க்கும் எட்டாத கொஞ்சம் பெட்ரோல் அடியில் தங்கிவிடும். அதை வெளியே எடுக்கவும் முடியாது, அதை வைத்து எங்கேயும் போகவும் முடியாது. மேட்டில் ஏறும்போது அது பின்னால் ஓடித் தகட்டில் மோதும் சத்தம் எனக்குக் கேட்டது. மேட்டின் உச்சி தாண்டி ஈப்போ பக்கம் இறங்கியதும் முன்னால் ஓடி மோதியது.