தாப்பா ரோட் நிலையத்தில் கிடைத்த தொப்பி

கேமரன் மலைக்குக் குளிருக்காகப் போவார்கள், ஸ்ட்ராபெரிக்காகப் போவார்கள். நான் போன ஆகஸ்டில் ஒரு பழைய தொப்பியை எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லப் போனேன்.

ஜப்பான்காரன் காலத்தில் என் அப்பா சவரிமுத்து ரிங்லெட் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தார். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது, அவரையும் லாரியில் ஏற்றி அடிவாரத்துத் தாப்பா ரோட் நிலையத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். அப்படிப் போனவர்களில் பலர் திரும்பவேயில்லை. மேடையில் தேநீர்க் கடை வைத்திருந்த காதர் பாய், சிப்பாய்களுக்குத் தேநீர் ஊற்றியபடி வந்தவர், அப்பா தலையில் ஒரு வெள்ளைத் தொப்பியைக் கவிழ்த்தார். கையில் கெண்டியைத் திணித்து, "வாடா பின்னால" என்று கடை வேலையாளைப் போல அதட்டி வெளியே கூட்டிப் போய்விட்டார். முன்பின் அறியாத தன்னை ஏன் காப்பாற்றினார் என்று அப்பாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. போர் முடிந்து தேடிப் போனபோது அவரும் இல்லை, கடையும் இல்லை. தொப்பி மட்டும் எங்கள் வீட்டு மாதா படத்தின் கீழ் இருந்தது.

காதர் பாயின் மகன் தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பதாக இந்த வலைப்பூவின் வாசகர் ஒருவர் எழுதினார். அவருக்கு என் முதல் நன்றி.

கோலாலம்பூரிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். தாப்பா ரோட் நிலையம் அடையாளமே தெரியவில்லை. இரட்டைப் பாதை, மின்சார ரயில் எல்லாம் வந்துவிட்டன; தெலுக் இந்தானுக்குப் போன கிளைப் பாதை மறைந்துவிட்டது. அங்கிருந்து தாப்பா டவுனுக்குப் பத்து கிலோமீட்டர், டாக்சிக்கு இருபது வெள்ளி. பிறகு மலை பஸ். ரிங்லெட் வருவதற்குள் காலையில் தின்ற நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு மலை வளைவுகளில் தொண்டைவரை வந்துவிட்டது.

தானா ராத்தா கடையில் இருந்த காதர் பாயின் மகன் ஜமால் பாய்க்கு எழுபது வயதிருக்கும். தொப்பியை மேசைமேல் வைத்து விஷயத்தைச் சொன்னேன். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது உசேன் சாச்சாவ கடை ஆளு மாதிரி கூட்டி வரக் கொண்டு போனது லா. எங்க அத்தாவோட தம்பி, எனக்குச் சித்தப்பா. ரிங்லெட்ல சரக்கு இறக்கப் போனவர பிடிச்சிட்டாங்க. அத்தா தொப்பிய எடுத்துட்டுப் போறதுக்குள்ள ரயில் வண்டியில ஏத்திப் பூட்டியாச்சு. கையில தொப்பி இருக்கு, எதிர்ல உங்கப்பா அழுதுட்டு உக்காந்திருக்காரு. இவனாச்சும் பொழைக்கட்டும்னு..."

"சாச்சா வந்தாரா பாய்?"

"இல்லக்கா. அவரு ஞாபகமா ஒரு போட்டோகூட எங்ககிட்ட இல்ல."

காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துப் போகத்தான் கொண்டு போயிருந்தேன். "உங்க வீட்டுப் பொருள், வச்சுக்குங்க பாய்" என்றேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

போகிறவர்களுக்கு: ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள். வார இறுதியில் கியா பார்ம் காய்கறிச் சந்தைப் பக்கம் நெரிசல். மற்ற நாட்களில் போகலாம். தாப்பா ரோட்டில் இறங்கியதும் டாக்சிக்கு ஓடாமல் மேடையில் ஒரு நிமிடம் நில்லுங்கள். உசேன் அங்கிருந்து போனார். அவருக்காக வந்த தொப்பியால் நான் பிறந்தேன்.