பிள்ளைகள் இருந்த அறிவித்தல்

காலை எட்டு நாற்பது. பத்திரிகையின் கண்டிக் கிளையைத் திறக்கப் போனபோது படியில் நனைந்த குடை ஒன்று கிடந்தது. அருகில் மடுல்கலையிலிருந்து வந்த ஆரோக்கியம் நின்றார். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். மனைவி செபமாலை முதல்நாள் ஆஸ்பத்திரியில் இறந்திருந்தார். அந்த மரண அறிவித்தலைக் கொடுக்க இவர் வந்திருந்தார்.

நான் அங்கே பொறுப்பாக இருந்த கடைசி வருடம் அது. அறிவித்தல்களை ஏஐ என்ற செயற்கை நுண்ணறிவு மூலம் எழுதத் தொடங்கியிருந்தோம். அதற்கு நாம் தட்டச்சு செய்து கொடுக்கும் விவரமும் கட்டளையும்தான் ப்ரொம்ப்ட். என் உதவியாளர் நஸீரா பெயர், வயது, ஊர், கணவர் பெயர், அடக்க நேரம் ஆகியவற்றைத் தட்டினாள். திரையில் வந்ததை அவருக்கு வாசித்துக் காட்டினாள்.

"ஆரோக்கியத்தின் அன்பு மனைவியும், பிள்ளைகளின் பாசமிகு தாயாரும், பேரப்பிள்ளைகளின் அன்புப் பாட்டியுமாவார்."

"இன்னொருக்கா வாசிங்க, தங்கச்சி."

வாசித்தாள்.

"பிள்ளைங்க பேர் சொல்லலையே, ஐயா?" என்றேன்.

"பிள்ள இல்லீங்க. பிள்ள வரம் கேட்டு அவ மாதாவையும் விடல, முனியாண்டியையும் விடல. மாதா கோயில் சாமியாருக்குத் தெரிஞ்சா ஏசுவாருன்னு முக்காடு போட்டுக்கிட்டுப் போவா." திரையைப் பார்த்தார். "அது அப்படியே இருக்கட்டுங்க."

இல்லாததைப் போட முடியாது என்றேன்.

"அப்ப மெசினுக்கு எப்படிங்க தோணுச்சு?"

எளிதாகச் சொல்லிப் பார்த்தேன். பழைய எழுத்துகள் ஏராளமாக அதற்குக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. அவை பயிற்சித் தரவு. அவற்றில் 'மனைவியும்' என்பதை அடுத்துப் பெரும்பாலும் 'தாயாரும்' வரும். அந்தப் பழக்கத்தில் ஏஐ மொடல் அடுத்த சொல்லை ஊகிக்கிறது. இல்லாததை உள்ளதுபோல் எழுதிவிட்டால் அதற்கு ஹலூசினேஷன் என்று பெயர்.

"அப்ப அதுக்கு அவளத் தெரியாது."

"தெரியாது, ஐயா."

"சரி. எடுத்துருங்க."

நானே அழித்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: வாக்கியம் தடையின்றி ஓடும் இடத்தில்தான் நிறுத்திக் கேட்க வேண்டும். இந்தப் பிழை கண்ணில் உறுத்தாது; வழக்கமான சொற்களில்தான் வரும்.

"முதல்ல வாசிச்சீங்களே, அது ஒரு தாளுல கிடைக்குமா?"

நஸீரா என்னைப் பார்த்தாள். தலையசைத்தேன். அச்செடுத்துக் கொடுத்தாள். அவர் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"நாளைக்குப் பேப்பர் ஒண்டு எடுத்து வெக்கவா, ஐயா?"

"வேணாம், தங்கச்சி. இது போதும்."

மறுநாள் அறிவித்தல் மூன்று வரிகளில் வெளிவந்தது.