எறும்பு ஏறிய சுவர்

அரியலூர்ச் சுண்ணாம்புக் காளவாயை விட்டுக் கிளம்பி, உடையார்பாளையம் சாலையில் பாதித் தூரம் நடந்திருந்தேன். காளவாயில் ஒரு கடப்பாரை காணாமல் போயிருந்தது. புதிதாய்ச் சேர்ந்தவன் நான்தான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, என் பையை மட்டும் பார்த்தார்கள். கிளம்பிவிட்டேன். அது ஐப்பசி. வானம் இருட்டிக்கொண்டிருந்தது.

தண்ணீர் கேட்டு நின்ற வீடு முழுக்க உருண்டைக் கல்லால் கட்டியது. தேங்காய் அளவுக் கல், பூசணி அளவுக் கல். சிலவற்றில் நத்தை சுருண்டதுபோல் கோடு. ஏர் ஓட்டும்போது கிளம்பிய கற்களை வண்டியில் ஏற்றி வந்து கணவனின் தாத்தா கட்டியது என்றாள் அந்த வீட்டுப் பெண். உருண்டைக் கல் ஒன்றின்மேல் ஒன்று தானாக உட்காராது. உள்ளே ஒரு வரிசை, வெளியே ஒரு வரிசை, நடுவில் சல்லியும் மண்ணும் அடைத்து, சுண்ணாம்பால் பிடித்து நிறுத்தியிருந்தார்கள்.

சொம்பை வாங்கிக் குடிக்கும்போதுதான் பார்த்தேன். எறும்புகள் சுவரில் ஏறி, ஒரே ஒரு கல்லின் இடுக்கில் போய் மொய்த்தன.

"அக்கா, இந்த எடத்த யாரோ இப்பதான் பூசியிருக்காங்க."

"என்னாது? தாத்தா காலத்துச் செவுரு அது."

"பழைய சுண்ணாம்புல எறும்புக்கு என்ன வேல? சிமெண்ட் வெச்சா தெரிஞ்சுடும்னு, அந்தக் காலத்து மாதிரி வெல்லத் தண்ணி ஊத்திக் கொழச்சிருக்காங்க."

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கோயில் வேலையில் சுண்ணாம்பு அரைத்திருக்கிறேன். காயும்வரை எறும்பை விரட்டுவதே தனி வேலை.

கல்லைத் தொட்டேன், ஆடியது. உருவியதும் கை முழங்கைவரை உள்ளே போனது. நடுவில் அடைத்திருந்தது எதுவும் இல்லை. அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் படுப்பார்கள். ஒரு பெருமழைக்குத் தாங்காது.

"எங்க மச்சாண்டாரு வேலதான் இது" என்றாள். கணவனின் அண்ணனுக்கு வீட்டில் பாதி உண்டு. அதைப் பூட்டிவிட்டுப் பெரம்பலூரில் இருந்தார். சுவருக்குள் தாத்தா நகை வைத்திருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். கணவன் திருப்பூரில். போன வாரம் அவள் பிள்ளைகளோடு தாய்வீட்டில் இருந்தாள்.

பிறகு என் பையைப் பார்த்தாள். கொத்துக்கரண்டியின் பிடி வெளியே தெரிந்தது.

"எறும்ப வெச்சே இவ்ளோ கரெக்டா சொல்றியே. நீதான பூசுன?"

"பூசியிருந்தா நானே வந்து சொல்லுவனா அக்கா?"

"மிச்சத்த எடுக்க வந்திருப்ப. தண்ணி குடிக்க வந்தவன் சொம்பப் பாப்பானா, செவுத்தப் பாப்பானா?"

பையிலிருந்து கரண்டியை உருவி உள்ளே வைத்துப் பூட்டினாள்.

"காலைல வந்து அடச்சிக் குடுத்துட்டு வாங்கிக்க. ஓடிட்டின்னா நீதான்னு முடிவு பண்ணிடுவேன்."

ஆனாலும் ஒரு தட்டில் சோறு போட்டாள்.

எதிரே இருந்த பஸ் ஸ்டாப்பில் படுத்தேன். எனக்கும் அவள்மேல் சந்தேகம் இருந்தது. நகைக்காக அவளே தோண்டிவிட்டு, இவன்தான் திருடன் என்று மச்சாண்டாருக்குக் காட்ட ஒரு ஆளைப் பிடித்து வைக்கிறாளோ? ஜெயங்கொண்டம் பஸ் வந்து நின்றது. கரண்டி இல்லாமல் எங்கே போவது?

விடிந்ததும் போனேன். சுண்ணாம்பை அவளே குழைத்து வைத்திருந்தாள்.

"வெல்லம் போடலியா?"

"வேணாம். வெறும் சுண்ணாம்பும் மணலும் போதும். இனிமே எறும்பு ஏறுச்சுன்னா, எவனோ வந்துட்டுப் போயிருக்கான்னு எனக்குத் தெரியணும்."

கரண்டியைக் கொடுத்துவிட்டு, என் கைகளையே பார்த்தபடி நிலைப்படியில் உட்கார்ந்தாள். நான் பொந்துக்குள் சல்லியைத் திணிக்கத் தொடங்கினேன்.