பேராசிரியரின் ஏழாம் அத்தியாயம்

எங்கள் மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் புள்ளிவிவரம் பார்ப்பவளை எல்லோரும் புள்ளியக்கா என்போம். கோபம் வந்தால் அவள் கத்த மாட்டாள், பென்சில் சீவுவாள். அந்த வாரம் குப்பைக்கூடை நிறையச் சீவல்.

காரணம், மேசையில் கிடந்த இரண்டு தடிமனான உயர்நிலைப் புள்ளியியல் நூல்கள். எங்கள் பிரிவுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைப் பதிப்பகத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்; எதை என்று சொல்வது அக்காவின் வேலை. அதில் ஒன்றை எழுதியவர் அக்காவின் பழைய பேராசிரியர். பட்டம் கொடுக்காமல் அவளை வருடக்கணக்கில் இழுத்தடித்து, அவளுடைய முதல் வரைவை அப்படியே சுருட்டித் தன் ஏழாம் அத்தியாயமாக்கிக்கொண்ட மகானுபாவர். முன்னுரையில் தன் நாய்க்குக்கூட நன்றி சொல்லியிருந்தார். அக்காவுக்கு இல்லை. படித்த எனக்கே வயிறு எரிந்தது.

அக்கா மற்ற நூலைத் தேர்ந்தெடுத்தாள். துறைத் தலைவர் முகத்தைச் சுளித்தார்.

“பழைய பகையைத் தீத்துக்கிறீங்களாம்மா?”

“ஆமா சார். ஆனா அவர் புத்தகம் நிஜமாவே தப்பும்தான். ஏழாம் அத்தியாயத்துச் சூத்திரம், சிகிச்சையைப் பாதியில விட்டுட்டுப் போனவங்களை எல்லாம் கடைசிவரைக்கும் உயிரோட இருந்ததா எடுத்துக்குது. உதவாத மருந்தும் நல்லா வேலை செய்யற மாதிரி தெரியும்.”

“அவ்வளவு பெரிய மனுஷர் தப்பு பண்ணுவாரா?” என்று தலைவர் அங்கேயே பேராசிரியருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அக்கா சொன்னது பொய்யானால், வன்மத்தில் புத்தகத்தைத் தள்ளியவள் என்ற பெயரோடு அவள் வேலையும் போய்விடும்.

“சார், நான் உங்க பழைய மாணவி பேசறேன். ஏழாம் அத்தியாயத்துல மூணாவது சூத்திரம் எப்படி வந்துச்சுன்னு சொல்றீங்களா?” குரலில் தேன் வழிந்தது.

“அது பாத்தாலே தெரியுமேம்மா.”

“எனக்குத் தெரியல சார். வரி வரியா சொல்லுங்க.”

முதல் வரி சரளமாக வந்தது. இரண்டாவதில் திக்கினார். மூன்றாவதில் தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. கூடவே எழுதிக்கொண்டு வந்த தலைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அக்கா அவசரப்படவில்லை. பேராசிரியர் தவிப்பதை ஆற அமர ரசித்தாள். நானும்தான்.

“அது என் முதல் வரைவுல இருந்த தப்பு சார். மறுவாரமே நான் திருத்திட்டேன்.”

“அப்பவே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?”

“உங்க சொந்த ஆராய்ச்சின்னுல்ல போட்டிருந்தீங்க. அதுல நான் எப்படி சார் கை வைக்கிறது?”