என் வீட்டுக்காரர் ஆமென் சொல்லாத ஜெபம்

போன வருஷம் ஜூனில் இடவப்பாதி மழையோடு என் வீட்டுக்காரருக்கு இருமல் தொடங்கியது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். எழுபது தாண்டியும் கத்தியைக் கீழே வைக்கவில்லை. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற கொட்டகையில் நின்று நின்று வருகிற இருமல் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். ஒரு காலையில் மூச்சு இழுக்க முடியாமல் கட்டிலில் சாய்ந்துவிட்டார். உதடு நீலம். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நிமோனியா என்றார்கள்.

மகன் மஸ்கட்டில். லீவு கிடைக்கவில்லை, போனில் அழுதான். ஆஸ்பத்திரியில் நான் ஒருத்திதான். தூக்கி உட்கார வைக்க வேண்டும், முதுகைத் தட்ட வேண்டும், கக்கூசுக்குத் தாங்கிக்கொண்டு போக வேண்டும். எனக்கும் அறுபத்தெட்டு வயது, மூட்டுவலி வேறு. சபையார் ஜெபித்தார்கள். கர்த்தர் இரங்கினார், மருந்தும் பலித்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா, "இந்த வயசில் இது திரும்பவும் வரலாம். உடம்பு தேறினதும் வந்து தடுப்பூசி போடணும்" என்று சொன்னார்.

தேறினார். ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று சாட்சியும் சொன்னார். அதுதான் வினையாகிவிட்டது.

"ஊசிக்குப் போவோமா?" என்று கேட்டால், "எட்டி, கர்த்தர் என் நெஞ்சை சுகமாக்கினாருண்ணு சபைக்கு முன்ன சொன்னவனாக்கும் நான். இனி ஊசி போட்டா அது பொய்யிண்ணு ஆவாதா?" என்பார்.

"பின்ன அடுத்த மழைக்கு ஒங்கள யாரு தூக்குவா? சபையாரா வருவாங்க?" என்பேன்.

துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார். குடியிருந்த பத்து சென்ட் நிலம் தன் பேரில் பதிந்து கிடைக்கும்வரை, நிலத்துக்குச் சொந்தக்காரரான ஜன்மி எவ்வளவு மிரட்டியும் குடிசையை விட்டு அசையாதவர் இவருடைய அப்பா. அந்தப் பிடிவாதம் அப்படியே இவருக்கும் உண்டு. பாஸ்டரும் ஊசி போடச் சொன்னார், மகன் போனில் கெஞ்சினான். கல்லில் நார் உரித்த கதைதான்.

ஐப்பசியில் வருகிற துலாமழை நெருங்கியது. அவர் லேசாக இருமினாலே எழுந்து விளக்கைப் போடுவேன். இரவெல்லாம் அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே கிடப்பேன். பகலில் நடந்தால் கால் பின்னும்.

எங்கள் வீட்டில் சந்தியா ஜெபம் உண்டு. ஒருவர் சத்தமாக ஜெபிப்பார், முடித்ததும் மற்றவர் ஆமென் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் வழக்கம். நான் எப்போதும் அவருக்காகவும் மகனுக்காகவும் பேரப்பிள்ளைகளுக்காகவும்தான் கேட்பேன். அன்றைக்கு அந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. உள்ளே கிடந்தது வெளியே வந்தது.

"ஆண்டவரே, எனக்கு ஏலாது. இவருக்கு இன்னொரு தடவை வந்தா தூக்க எனக்குப் பெலனில்லை. இவர் மனசை மாத்தும். இல்லேண்ணா அதுக்கு முன்ன என்னை எடுத்துக்கிடும்."

முடித்துவிட்டுக் காத்திருந்தேன். ஆமென் வரவில்லை. கண் திறந்து பார்த்தால் மனுஷன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு இருக்கிறார். தோள் குலுங்குகிறது. அவருடைய அம்மா செத்த அன்றைக்குக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. பிறகு இருவரும் கஞ்சி குடித்தோம்.

விடிந்தபோது சட்டை போட்டு, குடையோடு முற்றத்தில் நிற்கிறார். "எட்டி, வாறியா? ஒன்பது மணி பஸ்ஸுக்குப் போவோம்" என்றார். அவசர அவசரமாகச் சேலை மாற்றினேன்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு ஊசி போட்டதும் டாக்டரம்மா என்னைப் பார்த்து, "அம்மச்சிக்கும் வயசு அறுபத்தஞ்சு தாண்டியாச்சுல்லா? நீங்களும் போடுங்க" என்றார். எனக்கென்று ஒன்றும் கேட்காதவள் நான். கேட்காததையும் ஆண்டவர் தந்தார்.

அடுத்த ஞாயிறு அவர் மறுபடியும் எழுந்து நின்றார். "என்னை சுகமாக்கினவருதான் ஊசியையும் தந்தாரு. இது எனக்குப் பிந்திப்போய் விளங்கிச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வயதானவர்கள் சிலர் எங்களிடம் வந்து விவரம் கேட்டார்கள்.

ஊசி போட்டால் இருமலே வராது என்று இல்லை. டாக்டரம்மா அதையும் சொன்னார். இந்த வருஷ மழைக்கும் இருமினார், இரண்டு நாளில் சரியாகிவிட்டது. என் உடம்புக் களைப்பு இன்னும் மாறவில்லை. ஆனால் ராத்திரி தூங்குகிறேன், ஸ்தோத்திரம்.

நோயாளியைப் பார்த்துப் பார்த்து ஓய்ந்துபோன சகோதரிகளே, ஆண்டவரிடம் அழகான ஜெபம் வேண்டாம். ஏலாது என்றால் ஏலாது என்றே சொல்லுங்கள். அவர் கோபிக்க மாட்டார். கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள், வீட்டில் இருக்கிறவருக்கும் கேட்கட்டும்.